பந்து ஒன்று, கைகள் ஐந்து

ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டில் தோசையோ ரொட்டிச் சானாயோ இருக்க, நீங்கள் இந்த இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு. செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும்வரை அந்தச் சனிக்கிழமைகளில் அங்கே ஊருக்கு ஊர் நடப்பது கல்லூரிக் காற்பந்து. நாம் அறிந்த காற்பந்து அல்ல. தலைக்கவசம், தோள்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் காற்பந்து. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் அரங்கங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நமது புக்கிட் ஜாலில் அரங்கத்தில்கூட அத்தனை இருக்கைகள் கிடையாது. விளையாடுகிறவர்களோ பெரும்பாலும் 18 முதல் 22 வயது வரையிலான மாணவர்கள்.

புரியாத விளையாட்டு என்று பலரும் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். பிறகு என்னை உட்கார வைத்தது விதிமுறைகள் அல்ல, ஒரு கேள்வி. பயிற்றுநர் பந்தை யாரிடம் கொடுக்கச் சொல்கிறார்? எத்தனை முறை? ஏன் அவரிடம்? இந்தக் கேள்வியோடு பார்த்தால் ஆட்டம் தானாகவே புரியத் தொடங்கும். ஒரு மாணவர் கைக்குப் பந்து எத்தனை முறை வருகிறது என்பதில் அவருடைய எதிர்காலம் அடங்கியிருக்கிறது. சில சமயம் அவருடைய முழங்காலும்தான்.

யார் இவர்கள்?

தாக்குதல் அணியில் 11 பேர். அதில் ஐவர் முன்வரிசை. ஆளுக்கு 130, 140 கிலோ எடை இருக்கும். எதிரணியைத் தள்ளி நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்க விதி அவர்களை அனுமதிப்பதில்லை. மீதி ஆறு பேரைத்தான் அமெரிக்கர்கள் ‘திறன் ஆட்டக்காரர்கள்’ என்கிறார்கள். அப்படியானால் முன்வரிசைக்காரர்களுக்குத் திறன் இல்லையா என்று கேட்டால் நியாயமான பதில் இல்லை. பெயர் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஆறு பேரில் ஒருவர் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவரிடம் வரும். அவர் அதை வீசலாம், பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். மற்ற ஐவர், அணிக்கு அணி கொஞ்சம் மாறினாலும், மூன்று வகையினர். குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்திலோ பின்னாலோ நின்று பந்தை வாங்கி ஓடுகிறவர் ரன்னிங் பேக். மைதானத்தின் ஓரங்களில் நின்று, வீசிய பந்தைப் பிடிக்கிறவர் ரிசீவர். முன்வரிசையை ஒட்டி நின்று, தேவைக்கேற்ப முட்டித் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் தெரிந்தவர் டைட் எண்ட்.

நான்கு வாய்ப்புகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பது அடிப்படை விதி. முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள். எதிரணியின் கோட்டைக் கடந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. ஒவ்வொரு முயற்சியையும் ஒரு ‘நகர்வு’ என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 70 நகர்வுகள் கிடைக்கும். பந்து ஒன்று, காத்திருக்கும் கைகள் ஐந்து. அந்த 70ஐ எப்படிப் பங்கிடுவது என்பதற்காகத்தான் பயிற்றுநர்கள் வாரம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தொழில்முறை அணியாக இருந்தால் தன் திட்டத்துக்கு ஏற்ற ஆட்டக்காரரை விலைக்கு வாங்கலாம். கல்லூரிப் பயிற்றுநருக்கு நெடுங்காலம் அந்த வசதி இருந்ததில்லை. பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார். நான்கு பருவங்களில் அந்த மாணவர் போய்விடுவார். ஆகவே கையில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு ஏற்பத் திட்டத்தை வளைப்பதா, திட்டத்துக்கு ஏற்ப ஆட்டக்காரர்களை வளைப்பதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்து நிற்கும்.

பத்தாவது ஆட்டத்தில் வந்த யோசனை

2012 நவம்பர் 17. வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் மோர்கன்டவுன் நகரம். எதிரணி ஓக்லஹோமா. வெஸ்ட் வர்ஜீனியா அந்தப் பருவத்தை ஐந்து தொடர் வெற்றிகளுடன் தொடங்கி, அடுத்த நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. தலைமைப் பயிற்றுநர் டானா ஹோல்கோர்சன். அவரிடம் டவோன் ஆஸ்டின் என்ற ரிசீவர் இருந்தார். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை 80 கிலோகூட இல்லை. ஆனால் ஓடுகிற வேகத்திலேயே திசை மாற்றுவதில் அவருக்கு நிகர் அந்த ஆண்டு யாருமில்லை. முந்தைய பருவத்தில் 101 பந்துகளைப் பிடித்தவர்.

எதிரணிகள் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தன. ரிசீவரிடம் பந்து போய்ச் சேர வேண்டுமானால் முதலில் முன்வரிசை தாக்குப்பிடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக்குக்கு வீச நேரம் கிடைக்க வேண்டும். வீச்சு குறி தவறக் கூடாது. இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் போதும், ஆஸ்டின் வெறுங்கையுடன் ஓடிக்கொண்டிருப்பார்.

ஓக்லஹோமாவுக்கு எதிராக ஹோல்கோர்சன் அந்தச் சங்கிலியையே தூக்கி எறிந்தார். ஆஸ்டினை ரன்னிங் பேக் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வீச வேண்டாம், குறி பார்க்க வேண்டாம். பந்தை நேராகக் கையில் கொடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஆஸ்டின் பார்த்துக்கொண்டார். 21 முறை பந்தை வாங்கி 344 கெஜம் ஓடினார். அதோடு பிடித்த பந்துகளில் 82 கெஜம், எதிரணி உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில் 146 கெஜம். மொத்தம் 572 கெஜம். ஒரே ஆளாக, ஒரே ஆட்டத்தில், ஐந்து மைதான நீளத்துக்கு மேல்.

வெஸ்ட் வர்ஜீனியா 50-49 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் முடிய 24 விநாடி இருக்கும்போது ஓக்லஹோமா கடைசி டச்டவுனை அடித்தது. அந்த நேரத்தில் ஆஸ்டின் செய்வதற்கு எதுவும் இல்லை. தற்காப்பு அணி ஆடும்போது தாக்குதல் அணி ஓரத்தில்தான் நிற்கும்.

மறுநாள் ரசிகர் யாருக்கும் தோன்றியிருக்கக்கூடிய கேள்வி இதுதான்: இதைச் செய்ய ஏன் பத்தாவது ஆட்டம் வரை காத்திருந்தார்? பால்ட்டிமோரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஆஸ்டின் ரன்னிங் பேக்காகவே பெயரெடுத்தவர். அது இரகசியம் ஒன்றும் இல்லை. நான் பயிற்றுநர் பக்கம் நின்றும் யோசித்துப் பார்த்தேன். 80 கிலோகூட இல்லாத ஒருவரை 110 கிலோ ஆட்கள் நிறைந்த நடுக்களத்துக்குள் ஓட்டத்துக்கு ஓட்டம் அனுப்பினால், பருவம் முடியும்வரை அவர் தாங்குவாரா? செப்டம்பரிலேயே தொடங்கியிருந்தால் நவம்பரில் ஆஸ்டின் இருந்திருப்பாரா? ஆனாலும் ஆட்டத்துக்கு நான்கைந்து முறையாவது முன்பே கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஹோல்கோர்சனைக் கற்பனை இல்லாதவர் என்று சொல்லவும் முடியாது. அதே ஆண்டு ஜனவரியில் ஆரஞ்சு கிண்ண ஆட்டத்தில் அவருடைய அணி கிளெம்சனை 70-33 என்று நொறுக்கியது. அன்று ஆஸ்டின் பெயரில் நான்கு டச்டவுன்கள். நான்கும் ஏட்டில் ‘பிடித்த பந்து’ என்றே பதிவாகின. அவற்றில் சில அங்குல வீச்சும் உண்டு. ஆஸ்டின் பக்கவாட்டில் வேகமாக ஓடி வருவார். அவர் முன்னால் கடக்கும் நொடியில் குவார்ட்டர்பேக் பந்தை விரல்நுனியால் முன்னோக்கித் தட்டிவிடுவார். பார்ப்பவருக்குக் கையில் கொடுத்தது போலத் தெரியும். விதிப்படி அது முன்னோக்கிய வீச்சு. அதில் பயிற்றுநருக்கு ஒரு காப்பீடு இருக்கிறது. கையில் கொடுக்கும்போது பந்து நழுவினால் எதிரணி பாய்ந்து எடுத்துக்கொள்ளலாம். வீசிய பந்து நழுவினால் வெறும் தவறிய வீச்சு, பந்து நம்மிடமே இருக்கும். அந்தச் சில அங்குலத்தை யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

எல்லாருக்கும் ஒரு பங்கு

ஆஸ்டின் கதையில் எல்லாம் ஒருவர் கையில் குவிந்தது. அதற்கு நேர் எதிரான பாதையில் நடந்தவர் மைக் லீச். கல்லூரியில் காற்பந்து ஆடாதவர். சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வழக்கறிஞர் வேலைக்குப் போகாமல் பயிற்றுநரானவர். டெக்சாஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்து, 2022 டிசம்பரில் 61 வயதில் காலமானார்.

நல்ல தாக்குதல் என்றால் பாதி ஓட்டம், பாதி வீச்சு என்று சமநிலை வேண்டும் என்பது பழைய பயிற்றுநர்களின் வேதம். லீச் அதை ஏற்கவில்லை. அவர் கணக்கில் சமநிலை என்பது பந்தைத் தொடும் தகுதியுள்ள எல்லாரும் ஆட்டத்தில் பங்களிப்பது. நான்கு ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவார். மைதானத்தின் அகலம் 53 கெஜத்துக்குச் சற்று மேல். அந்த அகலத்தை எதிரணி முழுவதும் காவல் காத்தாக வேண்டும். ரன்னிங் பேக்கிற்கு ஓட்டம் கொடுப்பது குறைவு. அதற்குப் பதிலாகக் குட்டி குட்டியாக வீசி அவரையும் ஒரு ரிசீவர் ஆக்கிவிடுவார். திட்டத்தில் நகர்வுகளின் எண்ணிக்கையும் குறைவுதான். இருக்கும் சிலவற்றையே தூக்கத்தில் கேட்டாலும் செய்யும் அளவுக்கு ஆயிரம் முறை பழக்குவார்.

இப்படிப் பங்கிட்டால் நட்சத்திரம் மங்கிவிடுமே என்று தோன்றும். நடந்தது வேறு. டெக்சாஸ் டெக்கில் மைக்கேல் கிராப்ட்ரீ என்ற ரிசீவர் 2007இல், கல்லூரியில் ஆடிய முதல் பருவத்திலேயே, 134 பந்துகளைப் பிடித்து 1,962 கெஜமும் 22 டச்டவுன்களும் எடுத்தார். உயர்நிலைப் பள்ளியில் அவர் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற மூவருக்கும் பந்து போகும் என்ற பயம் இருந்ததால், கிராப்ட்ரீ ஒருவருக்கே இரண்டு காவலர்களை நிறுத்த எதிரணியால் எப்போதும் முடியவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் முதல் நாள், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த டெக்சாஸ் அணிக்கு எதிராக டெக்சாஸ் டெக் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. சில விநாடிகளே பாக்கி. எல்லாருக்கும் பங்கு கொடுக்கும் அணி அந்த நேரத்தில் பந்தை யாருக்கு வீசியது? ஓரக்கோட்டை ஒட்டி ஓடிய கிராப்ட்ரீக்குத்தான். பிடித்தார், இழுத்த கையை உதறினார், கோட்டைக் கடந்தார். கடிகாரத்தில் ஒரு விநாடி மிச்சம். முடிவு 39-33.

பந்தே வராத ரிசீவர்

பால் ஜான்சன் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துக்கு 2008இல் வந்தபோது ரிசீவர்கள் கலங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. ஜான்சனின் அணி ஓடிக்கொண்டே இருக்கும். குவார்ட்டர்பேக் நகர்வு தொடங்கிய பிறகுதான், எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, பந்தை நடுவில் கொடுப்பதா, தானே ஓடுவதா, ஓரத்தில் வருபவரிடம் தட்டிவிடுவதா என்று முடிவு செய்வார். மூன்று வழிகள், மூன்றும் ஓட்டம். ரிசீவருக்குப் பெரும்பாலும் எதிரே நிற்பவரைத் தடுக்கும் வேலைதான்.

அந்த அணியில் டெமேரியஸ் தாமஸ் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், காளை போன்ற உடல், நல்ல வேகம். 2009 பருவம் முழுவதிலும் அவர் பிடித்தது 46 பந்துகள்தான். கிராப்ட்ரீயின் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த 46இல் அவர் எடுத்தது 1,154 கெஜம். ஒரு பந்துக்குச் சராசரி 25 கெஜம்! அணி வெற்றிகரமாக வீசிய பந்துகளில் பாதிக்கு மேல் அவரிடம்தான் போயின.

ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எதிரணிக் காவலர்கள் முன்னால் நகர்ந்து வருவார்கள். அவர்கள் நகர்ந்துவிட்டார்கள் என்று ஜான்சன் கண்டதும் ஒரே ஒரு வீச்சு. தாமஸ் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடம் முட்டித் தடுத்துக்கொண்டிருந்தவர் என்று எதிரே நிற்பவர் அசந்த நேரத்தில்.

2010இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ரிசீவர்களில் முதலில் அழைக்கப்பட்ட பெயர் தாமஸ். மொத்தத்தில் 22ஆம் இடம். தடுக்கத் தெரிந்த ரிசீவருக்கும் சந்தையில் விலை உண்டு என்று ஜான்சன் புதிய மாணவர்களிடம் சொல்ல அது ஓர் ஆதாரமாக அமைந்தது. ஆனால் எல்லா ரிசீவரும் டெமேரியஸ் தாமஸ் அல்லர். தடுத்துத் தடுத்தே நான்கு ஆண்டுகளை முடித்துக்கொண்டு போனவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

நாற்பத்தாறு முறை

பந்து வராதது ஒரு துயரம். பந்து வந்துகொண்டே இருப்பது வேறொரு துயரம். ரன்னிங் பேக்கின் ஒவ்வோர் ஓட்டமும் ஒரு மோதலில்தான் முடியும். பல சமயம் இரண்டு மூன்று மோதல்கள்.

2015இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் டெரிக் ஹென்றி ஒரே பருவத்தில் 395 முறை பந்தைச் சுமந்தார். 2,219 கெஜம், 28 டச்டவுன்கள். ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. பருவத்தின் பிற்பகுதியில் அவருக்கு மாற்றாக ஓடக்கூடிய கென்யன் டிரேக்கின் கை எலும்பு முறிந்தது. அதன் பிறகு அலபாமாவின் ஓட்டம் என்றால் ஹென்றி என்றாகிவிட்டது. பரம வைரியான ஆபர்னுக்கு எதிராக 46 முறை. அடுத்த வாரமே புளோரிடாவுக்கு எதிராக 44 முறை. தலைமைப் பயிற்றுநர் நிக் சேபன் வழக்கமாக இரண்டு, மூன்று ரன்னிங் பேக்குகளை மாற்றி மாற்றி இறக்குகிறவர். அவரே இப்படிச் செய்தார்.

ஹென்றி தாங்கினார். ஆறடி மூன்று அங்குலம், 110 கிலோ. தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் 2020இல் ஒரு பருவத்தில் 2,000 கெஜத்தைத் தாண்டினார்.

மார்க்கஸ் லாட்டிமோரின் கதை அப்படி இல்லை. 2010இல் சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவருக்கு 18 வயது. பயிற்றுநர் ஸ்டீவ் ஸ்பரியர் வீச்சு ஆட்டத்துக்குப் பெயர் போனவர். ஆனால் இப்படி ஒரு மாணவர் கையில் இருக்கும்போது யார்தான் வீசிக்கொண்டிருப்பார்கள்? இரண்டாவது ஆட்டத்திலேயே, ஜார்ஜியாவுக்கு எதிராக, 37 முறை பந்தைக் கொடுத்தார். நவம்பரில் புளோரிடாவுக்கு எதிராக 40 முறை. 212 கெஜம், மூன்று டச்டவுன்கள். அந்த வெற்றியால் சவுத் கரோலைனா தன் பிரிவில் முதலிடத்தை உறுதிசெய்தது. ஒரு திட்டத்தை மாணவருக்காக மாற்றிக்கொண்ட பயிற்றுநரைப் பாராட்டத்தான் வேண்டும், பலன் கைமேல் கிடைத்தது.

2011 அக்டோபரில் லாட்டிமோரின் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. சிகிச்சை, பயிற்சி, மீண்டும் மைதானம். 2012 அக்டோபர் 27, டென்னசி அணிக்கு எதிராக வலது முழங்கால் மூட்டே விலகியது. எதிரணி ஆட்டக்காரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். அவருடைய 21ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ தொழில்முறை அணி 2013இல் அவரை நம்பி எடுத்தது. ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் 2014 நவம்பரில் அவர் விளையாட்டை விட்டு விலகினார்.

அந்த 37க்கும் 40க்கும் இந்த முழங்கால்களுக்கும் முடிச்சுப்போட நான் தயாரில்லை. முதல் ஓட்டத்திலேயே கால் போனவர்களும் உண்டு, நானூறு ஓட்டத்துக்குப் பிறகும் நின்றவர்களும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் யாரும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் சேர முடியாது. லாட்டிமோர் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரருக்கு உபகாரச் சம்பளத்துக்கும் படிப்புச் செலவுக்கும் மேல் பணம் பெறத் தடையும் இருந்தது. அதாவது உடலின் மிக நல்ல மூன்று ஆண்டுகளைச் சம்பளம் இல்லாமல் செலவிட்ட பிறகுதான் சம்பளம் வரும் கதவு திறக்கும். அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மோதல் என்பதை முடிவு செய்கிறவர், வெற்றிக்காகப் பல மில்லியன் டாலர் ஊதியம் வாங்கும் பயிற்றுநர். 41ஆவது முறை பந்தைக் கொடுக்கலாமா என்று அந்த மாணவரிடம் கேட்டால் அவர் ‘கொடுங்கள்’ என்றுதான் சொல்லுவார். அந்த வயதில் வேறு என்ன சொல்வார்?

கணக்கு மாணவர் கைக்கு வந்தபோது

2016 டிசம்பரில் இரண்டு ரன்னிங் பேக்குகள் ஒரு முடிவெடுத்தார்கள். ஸ்டான்ஃபர்டின் கிறிஸ்டியன் மெக்கேஃப்ரி, லூசியானா ஸ்டேட்டின் லியனார்ட் ஃபோர்னெட். பருவ முடிவில் நடக்கும் கிண்ண ஆட்டத்தில் ஆடப்போவதில்லை, தொழில்முறைத் தேர்வுக்குத் தயாராகப் போகிறோம் என்றார்கள். சக மாணவர்களைக் கைவிட்டார்கள் என்று ஒரு பக்கம் வசை. சரியாகத்தான் செய்தார்கள் என்று மறுபக்கம்.

மெக்கேஃப்ரியின் கணக்கைப் பார்த்தால் எனக்கு வசைபாட மனம் வரவில்லை. 2015இல் பயிற்றுநர் டேவிட் ஷா அவரை எல்லா இடத்திலும் பயன்படுத்தினார். 337 ஓட்டங்கள், 45 பிடித்த பந்துகள், போதாததற்கு எதிரணி உதைக்கும் பந்தைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையும். மொத்தம் 3,864 கெஜம். பேரி சாண்டர்ஸ் 1988இல் வைத்த 3,250 கெஜச் சாதனை அதோடு போனது. ஓர் ஆட்டக்காரரை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அத்தனை விதத்திலும் அடி வாங்கினார் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது. கடைசி ஒரு கிண்ண ஆட்டத்தை அவர் தனக்காக வைத்துக்கொண்டார். இன்று அப்படி விலகுவது சாதாரணமாகிவிட்டது.

2021 ஜூலையில் விதி தளர்ந்தது. மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டு, ஓராண்டு உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் வழி பிறந்தது. பயிற்றுநர்களின் பங்கீட்டுக் கணக்கில் புதிய வரி ஒன்று சேர்ந்தது: இவருக்குப் போதிய பந்து போகாவிட்டால் ஜனவரியில் இருப்பாரா?

போதிய பந்து போனாலும் நிலைமை அப்படித்தான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் அடிசன் 2021இல் 100 பந்துகளைப் பிடித்து, நாட்டின் சிறந்த ரிசீவருக்கான விருதை வென்றார். அடுத்த பருவத்தில் அவர் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சட்டையில் இருந்தார். அங்கே பயிற்றுநர் லிங்கன் ரைலி, டெக்சாஸ் டெக்கில் மைக் லீச்சிடம் தொழில் கற்றவர்.

பந்து இல்லாமல் செய்யும் வேலை

2021 ஜனவரி 11, தேசிய வெற்றியாளர் ஆட்டம். அலபாமாவின் டெவாண்டா ஸ்மித் சில நாள்களுக்கு முன்புதான் ஹைஸ்மன் விருது வாங்கியிருந்தார். ரிசீவர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது 1991க்குப் பிறகு அதுவே முதல் முறை. எதிரணியான ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அவரைத்தான் நிறுத்த வேண்டும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் முதல் பாதியிலேயே அவர் 12 பந்துகளைப் பிடித்து, 215 கெஜமும் மூன்று டச்டவுன்களும் எடுத்துவிட்டார். அதில் ஒரு முறை அவரைத் துரத்த வேண்டியவராக மாட்டிக்கொண்டவர் வேகத்துக்குப் பழக்கமில்லாத ஒரு லைன்பேக்கர். 42 கெஜம்.

தாக்குதல் திட்டத்தை அமைத்த ஸ்டீவ் சார்க்கிசியன் ஸ்மித்தை ஒரே இடத்தில் நிற்கவிடவில்லை. ஒருமுறை ஓரத்தில், ஒருமுறை உள்ளே, நகர்வு தொடங்கும் முன்பே பக்கவாட்டில் ஓட்டம். ஸ்மித் நகரும்போது எதிரணியில் யார் கூடவே நகர்கிறார் என்று பார்த்தால் காவல் திட்டம் என்னவென்று குவார்ட்டர்பேக்குக்குத் தெரிந்துவிடும். யாருமே நகராவிட்டால் அதுவும் ஒரு செய்தி. ஸ்மித்துக்குப் பந்து போகாத நகர்வுகளிலும் இந்த வேலை நடந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் அவர் பின்னால் ஓடினால் நடுவில் ரன்னிங் பேக்கிற்கு இடம் கிடைக்கும். முடிவு 52-24.

இந்தப் பருவத்தில் ஒரு ஞாயிறு காலை ஆட்டம் உங்கள் தொலைக்காட்சியில் வந்தால், கொஞ்ச நேரம் பந்தைப் பார்க்காதீர்கள். முதலில் மைதானத்தின் நடுவில் இருக்கும் இரண்டு வரிசைக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நகர்வும் அந்த வரிசைகளுக்கு இடையில்தான் தொடங்கும். கல்லூரி மைதானத்தில் அந்த இடைவெளி தொழில்முறை மைதானத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். பந்து இடது வரிசையில் வைக்கப்பட்டால் இடப்பக்கம் 20 கெஜம், வலப்பக்கம் 33 கெஜம். அந்த அகலமான பக்கத்தில் பயிற்றுநர் யாரை நிறுத்துகிறார், யாரை அங்கே ஓடவிடுகிறார் என்று கவனியுங்கள். பிறகு ரன்னிங் பேக்கின் சட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டே வாருங்கள். நான் 30க்கு மேல் எண்ணிய நாள்களில், அவர் அணி வென்றதா என்பதைவிட அடுத்த வாரம் அவர் ஆடுகிறாரா என்பதைத்தான் தேடிப் பார்த்தேன்.